விழக் கற்பிக்கும் வித்தை

அடிபடாமல் தப்புவதோடு நில்லாமல், அடிக்க வந்தவனையும் அடிபடாமல் காக்க முயலும் ஐகிடோ என்னும் ஜப்பானியக் கலை உருவான விருத்தாந்தம்

சண்டை பயில வேண்டும் என்னும் ஆவலோடு ஐகிடோ பயிற்சிக்கூடம் ஒன்றினுள் முதன்முறையாகக் காலெடுத்து வைக்கிறவனுக்கு, அங்கே குத்துவது எப்படி என்றோ உதைப்பது எப்படி என்றோ எவரும் எடுத்தவுடன் சொல்லிக் கொடுப்பதில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, வெள்ளைப் பருத்தி உடை தரித்து, தரை முழுவதும் பரப்பிய கெட்டிப் பாயின் ஓரத்தில் மண்டியிட்டு வணங்கி எழுந்ததும், அவனுக்குக் கிடைக்கிற முதற்பாடம் விழுவதுதான். வலக்காலை ஓர் அடி முன்னே வைத்து, வலக்கையைச் சக்கரத்தின் வட்டைபோல வளைத்துச் சுண்டுவிரலின் பக்கமாகப் பாயில் ஊன்றி, தலையை உள்ளே ஒடுக்கிக்கொண்டு, கையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முதுகின் குறுக்கே சென்று இடது இடுப்புக்கும் உடலின் பாரம் உருண்டு போகும்படி விட்டால், விழுந்தவன் விழுந்த வேகத்தாலேயே எழுந்து நின்றுவிடுகிறான். சிறு பிள்ளைகள் இதை ஒரு பொழுதில் கற்றுக்கொள்கிறார்கள். வளர்ந்தவர்களோ, தரையைக் கண்ட மாத்திரத்தில் உடலை விறைத்துக்கொண்டு, தோள்பட்டையைத் தொம்மென்று மோதிக்கொண்டு, பல நாள் நொந்த பிறகே பூமியோடு சிநேகம் கொள்கிறார்கள்.

இவ்வாறு விழுவதற்கு 'உக்கேமி' என்று பெயர். உடலால் ஏற்றுக்கொள்ளுதல் என்பது அச்சொல்லின் பொருள். அதைவிட வியப்பு யாதெனில், பயிற்சியின்போது தாக்க வருகிறவனுக்கு இக்கலை சூட்டியிருக்கும் பெயரும் 'உக்கே', அதாவது ஏற்பவன் என்பதே. தாக்குகிறவனை ஏற்பவன் என்று அழைக்கும் ஒரு யுத்த வித்தை, சாதாரணமான யுத்த வித்தையாக இருக்க முடியாது. அந்தப் பெயருக்குள்ளே அடங்கிக் கிடக்கிற தத்துவம் என்ன, அத்தத்துவத்தை வந்தடைவதற்கு இதை ஆக்கிய மனிதர் எத்தகைய காடுமேடுகளைக் கடந்து வந்தார் என்பதைச் சற்று நிதானமாக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

மூன்று எழுத்துகள்

ஐகிடோ என்னும் பெயர் மூன்று சித்திர எழுத்துகளால் ஆனது. 'ஐ' என்பது கூடுதல், பொருந்துதல், இசைதல் என்று பொருள்படும். 'கி' என்பது மூச்சு, உயிர்ப்பு, மனத்தின் ஊக்கம் ஆகிய யாவற்றையும் ஒருங்கே சுட்டி, நாம் பிராணன் என்று வழங்குகிற சொல்லுக்கு மிக அருகில் வந்து நிற்பது. 'டோ' என்பது மார்க்கம். ஆகவே உயிர்ப்போடு இசைந்து நடக்கும் மார்க்கம் என்று இப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அன்பு என்று பொருள்படும் வேறோர் எழுத்துக்கும் ஜப்பானிய மொழியில் 'ஐ' என்பதே ஒலியாதலால், இக்கலையின் ஸ்தாபகர் தம் முதிய வயதில் அவ்வொலி ஒற்றுமையைப் பற்றிக்கொண்டு, இசைவின் மார்க்கம் என்பதும் அன்பின் மார்க்கம் என்பதும் தமக்கு ஒன்றே என்று சிஷ்யர்களுக்கு உபதேசித்து வந்தார்.

'மார்க்கம்' என்னும் அந்தக் கடைசி எழுத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1868-ஆம் ஆண்டில் மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சி தொடங்கி, 1876-இல் சாமுராய்கள் வாள் தரித்து வீதியில் நடமாடுவது தடை செய்யப்பட்ட பிறகு, போர்க்களத்துக்கென்றே பிறந்த பழைய வித்தைகள் யாவும் பிழைப்பற்றுத் தவித்தன. அவ்வேளையில் ஜிகோரோ கானோ என்னும் கல்விமான் 1882-இல் டோக்கியோவில் ஒரு கூடம் நிறுவி, ஜுஜுத்ஸு என்ற பழைய மற்போர் முறையிலிருந்து அபாயமான பிரயோகங்களை விலக்கி, எஞ்சியதைத் தேகத்தையும் குணத்தையும் பண்படுத்தும் பயிற்சியாக வகுத்து அதற்கு ஜூடோ என்று பெயரிட்டார். ஜுத்ஸு என்றால் உபாயம். டோ என்றால் வழி. உபாயம் பிறனை வெல்வதற்கு. வழியோ நடக்கிறவன் தான் செம்மையுறுவதற்கு. ஐகிடோவும் பிற்காலத்தில் அவ்வாறே உபாயத்திலிருந்து வழிக்கு வந்து சேர்ந்தது.

வீரத்தைக் குறிக்கும் 'பு' என்னும் எழுத்தைப் பற்றியும் கீழ்நாட்டில் ஒரு பழைய சர்ச்சை வழங்குகிறது. நிறுத்துதல் என்னும் எழுத்தும் ஈட்டி என்னும் எழுத்தும் கூடி அது அமைந்திருப்பதால், ஈட்டியைத் தடுத்து நிறுத்துவதே வீரம் என்று சீனத்துச் சான்றோர் பொருள் விரித்தனர். எழுத்தின் தோற்றத்தை ஆராய்ந்த பிற்காலப் பண்டிதர்களோ, நிறுத்துதல் என்று கருதப்பட்ட அந்தப் பகுதி ஆதியில் மனிதனின் பாதத்தைக் குறித்தது என்றும், ஈட்டி ஏந்தி நடந்து செல்வதே அவ்வெழுத்தின் சித்திரம் என்றும் சொல்கிறார்கள். ஈட்டி ஏந்திப் புறப்பட்ட எழுத்துக்கு ஈட்டியை நிறுத்தும் பொருள் எவ்வாறு வந்து பொருந்தியதோ, ஏறக்குறைய அவ்வாறே போருக்கென்று பிறந்த ஒரு வித்தைக்குச் சாந்தத்தின் பொருள் காலத்தால் வந்து பொருந்தியதுதான் ஐகிடோவின் கதை.

நோஞ்சான் பிள்ளை

ஐகிடோவை ஆக்கிய மொரிஹேய் உயேஷிபா 1883-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் தேதி, ஜப்பானின் தென்கரையிலுள்ள வாக்காயாமா மாகாணத்தில் தனாபே என்னும் ஊரில் பிறந்தார். ஒரு புறம் கடலும், மறு புறம் தொன்றுதொட்டு யாத்திரிகர்கள் நடந்து சென்ற குமானோ மலைத்தொடரும் சூழ்ந்த ஊர் அது. தந்தையார் நிலபுலன் உள்ள கிருகஸ்தர். ஊர்ச் சபையில் செல்வாக்குடன் விளங்கியவர். அவருக்கு ஒரே ஆண்மகவாகப் பிறந்த மொரிஹேயோ நோஞ்சான் பிள்ளை. அடிக்கடி நோய்வாய்ப்பட்டு, புத்தகமும் கையுமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர். ஷிங்கோன் பௌத்த ஆலயத்தில் அவர் கல்வி பயின்றபோது மனத்தைக் கவர்ந்தவை அங்கே ஓதப்பட்ட மந்திரங்களும், 'கோமா' என்னும் அக்கினிச் சடங்குமே என்று சொல்வார்கள். நம் நாட்டு ஹோமம் பௌத்தத்தோடு சீனம் வழியாகக் கடல் கடந்து சென்று அங்கே கோமா ஆயிற்று என்பதை நினைத்தால், அந்தப் பிள்ளை கண்ணிமைக்காமல் பார்த்து நின்ற தீ நமக்கும் முற்றிலும் அந்நியமானதன்று.

பிள்ளையின் நிலை கண்டு கவலையுற்ற தகப்பனார் அவரை நீந்தவும், சுமோ மல்யுத்தம் பழகவும் தூண்டினார். அரசியல் பகைமையின் காரணமாகத் தந்தையைச் சில முரடர்கள் தாக்கியதைச் சிறுவன் கண்ணால் கண்டதாகவும், உடல் வலிமை பெற்றே தீருவது என்ற உறுதி அன்றே அவன் உள்ளத்தில் விழுந்ததாகவும் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 1901-இல் வியாபாரம் செய்யும் நோக்கத்துடன் டோக்கியோ சென்றவர், அங்கே ஜுஜுத்ஸுவைச் சிறிது காலம் பயின்றார். ஆனால் பெரிபெரி நோய் கண்டு, கடையை விட்டுவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. பின்னர் ரஷ்யாவோடு யுத்தம் மூளும் தறுவாயில் சேனையில் சேரச் சென்றபோது, ஐந்தடி இரண்டங்குலத்தைக்கூட எட்டாத அவருடைய உயரம் சேனையின் விதிக்குச் சொற்பமே குறைந்ததால் தள்ளப்பட்டார். மனம் தளராமல், கால்களில் பாரம் கட்டிக்கொண்டு மரக்கிளைகளைப் பற்றித் தொங்கித் தொங்கி உடலை நீட்டிப் பார்த்தார் என்றும், மறுமுறை சென்றபோது ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்றும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. சாந்தத்தின் தூதர் என்று பின்னாளில் உலகம் போற்றிய மனிதர், வாலிபத்தில் போருக்குப் போவதற்காகக் கிளையில் தொங்கியவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்த பிறகு அவருக்கு வாய்த்த ஒரு தொடர்பும் குறிப்பிடத்தக்கது. கிராமத்துச் சிறு கோயில்களை ஒழித்துப் பெரிய கோயில்களோடு இணைத்துவிட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு பிறப்பித்தபோது, கோயிலோடு கோயிற்காடும் அழியும் என்று கண்டு அதனை எதிர்த்து நின்றவர், தனாபேயில் வாழ்ந்த மினாக்காத்தா குமாகுசு என்னும் மகா பண்டிதர். லண்டனில் பல ஆண்டுகள் கற்று மீண்ட அந்த இயற்கை ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து உயேஷிபாவும் அக்கிளர்ச்சியில் ஈடுபட்டார்.

பனிநாட்டில் ஒரு குரு

1912-ஆம் ஆண்டில் உயேஷிபா தம் பகுதியைச் சேர்ந்த 54 குடும்பங்களுக்குத் தலைமை தாங்கி, ஜப்பானின் வடகோடியான ஹொக்காய்டோத் தீவில் புதுக்குடியேற்றம் அமைக்கப் புறப்பட்டார். தெற்கத்திச் சூட்டில் வளர்ந்த மக்கள், மரங்கள் அடர்ந்த ஷிராத்தாக்கியின் காட்டை வெட்டித் திருத்தி, ஆள் உயரப் பனியில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியிருந்தது. முதற்சில ஆண்டுகள் விளைச்சல் பொய்த்தது. 1917-இல் பெருந்தீ ஒன்று ஊரை அழித்தது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து மரம் வெட்டிய அந்தக் கைகளில் அசாதாரணமான பலம் ஏறியது என்பதும், அந்தப் பலத்தின் மேல் அவருக்குச் சிறிது இறுமாப்பும் உண்டாயிற்று என்பதும் நம்பத்தக்கவையே.

அந்த இறுமாப்பை உடைத்தவர் சோக்காக்கு தக்கேதா. ஐகிடோவின் உடலை ஆக்கிக் கொடுத்தவர் இவரே என்று சொல்லலாம். சக்கரவர்த்தியின் சேனையிடம் 1868-இல் தோற்றழிந்த ஐஸு சமஸ்தானத்தில் பிறந்து, வாளோடு வளர்ந்து, வாள் தடை செய்யப்பட்ட காலத்தில் ஊர் ஊராகத் திரிந்து, 'தைத்தோ-ரியூ' என்னும் ஜுஜுத்ஸு முறையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பித்தவர் அவர். குள்ள உருவம், கூரிய கண், எவரையும் நம்பாத சுபாவம். யார் யார் எந்த ஊரில் என்ன கற்றார்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதை ஏடுகளில் எழுதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். விஷம் கலந்திருக்குமோ என்று அஞ்சி, பிறர் ருசி பார்க்காத உணவை அவர் தொடமாட்டார் என்றும் சொல்வதுண்டு. தற்காப்பு என்னும் சொல்லுக்கு அவருடைய அகராதியில் ஒரே பொருள்தான்: உலகம் முழுவதும் பகை, எந்தக் கணமும் விழித்திரு.

1915-இல் எங்கரு என்னும் ஊரிலுள்ள விடுதி ஒன்றில் அவரைச் சந்தித்த உயேஷிபா, தம்மைவிட வயதில் மூத்தவரும் உருவில் சிறியவருமான அம்மனிதரின் கையில் தம்முடைய வலிமை ஒன்றும் செல்லாமற் போவதைக் கண்டு திகைத்து, வீட்டை மறந்து அங்கேயே தங்கிப் பயிலத் தொடங்கினார். பின்னர் குருவைத் தம் ஊருக்கே அழைத்து வந்து, வீடு கட்டித் தந்து, விறகு பிளந்து, சமைத்துப் போட்டு, நீராட்டி, பணமும் கொட்டிக் கொடுத்து அந்த வித்தையைப் பெற்றார். மணிக்கட்டைத் திருகி ஆளை மண்டியிட வைப்பது, முழங்கையை மடக்கித் தரையோடு அழுத்துவது, எதிரியின் நிலை தடுமாறும் கணத்தைத் தொட்ட மாத்திரத்தில் உணர்வது முதலிய பிரயோகங்கள் யாவும் தைத்தோ-ரியூவிலிருந்து வந்தவையே. ஆயினும் குருவுக்கும் சிஷ்யருக்கும் இடையே பிற்காலத்தில் மனக்கசப்பு வளர்ந்தது. ஒருவருடைய வித்தையைக் கைக்கொண்டு, அவருடைய மனப்பான்மையைக் கைவிடுவது எந்தச் சிஷ்யனுக்கும் எளிதன்று. எந்தக் குருவுக்கும் இனிதன்று.

சீமைப்பனிச்சை மரத்தடியில்

1919-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை மரணத் தறுவாயில் இருப்பதாகத் தந்தி வந்தது. இருந்த வீட்டைக் குருவுக்கே விட்டுவிட்டுத் தெற்கு நோக்கிப் பிரயாணமான உயேஷிபா, வழியில் கியோத்தோவுக்கு அருகிலுள்ள அயாபேயில் இறங்கினார். அவ்வூரில், நாவோ தெகுச்சி என்னும் ஏழை விதவைக்கு 1892-இல் உண்டான தெய்வ ஆவேசத்திலிருந்து கிளைத்த ஓமோத்தோ என்னும் புதிய சமயம் அப்போது பெருந்திரளான மக்களை ஈர்த்துக்கொண்டிருந்தது. நாவோவின் மருமகனான ஒனிசாபுரோ தெகுச்சி அதன் தலைவர். நோயுற்ற தந்தைக்காகப் பிரார்த்தனை செய்யப் போன இடத்தில், ஒனிசாபுரோவின் ஆளுமைக்கு வசப்பட்டுச் சில நாள் தங்கிவிட்ட உயேஷிபா, ஊர் சேர்ந்தபோது தந்தை கண்மூடிவிட்டார். அந்தத் துயரம் அவரைப் பித்துப் பிடித்தவர்போல் ஆக்கிற்று. 1920-இல் குடும்பத்தோடு அயாபேக்கே குடிபெயர்ந்தார். அதே ஆண்டில், அப்போது இருந்த இரண்டு ஆண் குழந்தைகளையும் பறிகொடுத்தார்.

ஓமோத்தோவின் போதனை, உலகத்துச் சமயங்கள் யாவும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்பது. நிலத்தைப் பயிரிட்டு வாழ்வதும், சித்திரம், மட்பாண்டம், கவிதை முதலிய கலைகளைப் பயில்வதும் வழிபாடே என்பது. எஸ்பராந்தோ என்னும் பொதுமொழியைக்கூட அவர்கள் கற்று வந்தார்கள். கலையே பூஜை என்று கருதும் சமூகத்தில், மற்போர் வல்ல ஒருவருக்கு எழுந்த கேள்வி இயல்பானதே: ஆளைச் சாய்க்கும் வித்தை எவ்வாறு பூஜையாகும்?

1924-இல் ஒனிசாபுரோவோடு அவர் மங்கோலியாவுக்குச் சென்றதும், பூலோக சுவர்க்கம் அமைக்கப் புறப்பட்ட அந்தக் கூட்டம் சீன அதிகாரிகளிடம் சிக்கி விலங்கிடப்பட்டு, சுடப்படும் தறுவாயில் ஜப்பானியத் தூதரகத்தின் தலையீட்டால் உயிர் தப்பியதும் தனிக்கதை. மறு ஆண்டு அயாபேயில் நடந்த சம்பவமே நமக்கு முக்கியமானது. கத்திச் சண்டையில் தேர்ந்த கடற்படை அதிகாரி ஒருவர் அவரைச் சந்தித்து, பேச்சு முற்றி, மரவாளால் தாக்கத் தொடங்கினார். உயேஷிபா கையில் ஆயுதம் எடுக்கவில்லை. வாள் இறங்கும் திசையை அது இறங்குவதற்கு முன்பே உணர்ந்தவர்போல் விலகி விலகி நின்றார். அதிகாரி வீசி வீசிக் களைத்து உட்கார்ந்தார். ஒருவர் மேலும் அடி விழவில்லை.

அதன் பின் உடலைக் கழுவிக்கொள்ளக் கிணற்றடிக்குப் போன உயேஷிபா, அங்கே தோட்டத்தில் நின்ற ஒரு மரத்தின் அருகே அசைவற்று நின்றுவிட்டார். அது ஜப்பானியர் வீட்டுக் கொல்லைதோறும் செம்பழம் பழுத்து நிற்கும் சீமைப்பனிச்சை. பூமி நடுங்கிற்று என்றும், பொன்னிற ஆவி ஒன்று நிலத்திலிருந்து எழுந்து தம்மைப் போர்த்தது என்றும், பறவைகளின் பேச்சு விளங்கிற்று என்றும், உயிர்கள் அனைத்தையும் பேணும் அன்பே வீரத்தின் மூலம் என்று அக்கணத்தில் தெளிந்ததாகவும் அவர் பின்னாளில் சொன்னார். இத்தகைய அனுபவங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதற்கு முன் நடந்ததை ஊன்றிக் கவனித்தால் போதும்: ஆயுதமில்லாத ஒருவர், ஆயுதம் எடுத்தவரைத் தொடாமலே, அவருடைய கோபத்தை அவரே செலவழித்துத் தீர்க்கும்படி இடம் விட்டு நின்றார். தக்கேதாவின் வித்தை அன்று வேறொரு வித்தையாக மாறத் தொடங்கியது.

ஒரு பிரயோகம், அருகிலிருந்து

தத்துவத்தைப் பேச்சில் தேடுவதைக் காட்டிலும் ஒரு பிரயோகத்தில் தேடுவது நலம். 'ஷிஹோநாகே' என்பது, நான்கு திசையிலும் எறிதல் என்னும் பொருளுடையது. எதிரி வந்து நம் மணிக்கட்டை இறுகப் பற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டைப் பிடிப்பதும் ஒரு தாக்குதலா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் இடையில் வாள் செருகிய காலத்தில், வாளை உருவப் போகும் கையை முதலில் அமுக்குவதே உயிர் போகும் காரியம். பிடிபட்டவன் கையை இழுத்தால் பிடி இறுகும். தள்ளினால் வலியவன் வெல்வான். ஐகிடோக்காரன் இரண்டையும் செய்யாமல், பிடித்த கையை அவனிடமே விட்டுவிட்டு, தன் இடுப்பைத் திருப்பி அவன் பக்கத்திலேயே போய் நின்று, அவன் பார்க்கும் திசையைத் தானும் பார்க்கிறான். எதிரெதிர் நின்ற இருவர் ஒரு கணத்தில் ஒரே பக்கம் நோக்கி நிற்கிறார்கள். இதற்குத் 'தென்கான்' என்று பெயர். எதிரியின் வேகத்துக்குள்ளேயே நேராகப் புகுந்துவிடுவதற்கு 'இரிமி' என்று பெயர். இவ்விரண்டும் சேர்ந்ததே இக்கலையின் நடை.

பிறகு வாளை ஓங்குவதுபோல் இரு கைகளையும் நெற்றிக்கு மேல் உயர்த்தி, எதிரியின் கைக்கு அடியில் நுழைந்து திரும்பி, வாளை இறக்குவதுபோல் இறக்கினால், அவனுடைய கை அவன் தோளின் பின்னே மடிந்து, அவன் பின்புறமாகச் சாய்கிறான். வாள் கையில் இல்லை. வாளின் பாதை மட்டும் உடலில் எஞ்சியிருக்கிறது. இந்த இடத்தில்தான் தருமம் வந்து குறுக்கே நிற்கிறது. மடிந்த கையை அவன் தோளுக்கு வெளியே அகல இழுத்து எறிந்தால், முழங்கையும் தோளும் நெகிழ்ந்துபோகும். முரட்டுத்தனமாக இறக்கினால் பிடரி தரையில் மோதும். அவன் தோளை ஒட்டியே, அவன் விழத்தக்க இடம் பார்த்து இறக்கினால், அவன் பாயைக் கையால் தட்டிக்கொண்டு க்ஷேமமாக விழுகிறான். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சாண். அந்த ஒரு சாணில் எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும், தாக்கப்பட்டவன் கைக்கு வந்துவிட்டது.

பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் என்று, அரைமனத்தோடு காரியம் செய்கிறவனை நாம் கேலி செய்வதுண்டு. ஐகிடோ அந்தக் கேலியையே இலட்சியமாக எடுத்துக்கொண்ட வித்தை. தன்னைக் காப்பது மட்டுமே தற்காப்பு என்றிருந்தால் அதற்கு இத்தனை நுட்பம் வேண்டியதில்லை. ஓடிப் போகலாம், அல்லது கல்லால் அடிக்கலாம். கோபத்தால் மதி இழந்து வந்தவனின் தேகத்துக்கும் தானே பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளும்போதுதான் சாமர்த்தியம் பல மடங்கு தேவைப்படுகிறது. இதனாலேயே இங்கே மென்மை என்பது பலவீனத்துக்கு மறுபெயராகாமல், அடக்கி ஆளப்பட்ட வலிமைக்குப் பெயராகிறது. முறிக்கத் தெரியாதவன் முறிக்காமல் விடுவதில் என்ன பெருமை இருக்கிறது?

நரகம் என்று பெயர் பெற்ற கூடம்

கலை பிறந்த கதையை இவ்வளவோடு முடித்துக்கொண்டால் அது புராணமாகிவிடும். 1927-இல் உயேஷிபா டோக்கியோவுக்குக் குடியேறினார். கடற்படைத் தலைவர் இசாமு தக்கேஷித்தா போன்ற பெரிய மனிதர்கள் அவரை ஆதரித்தார்கள். 1930-இல் அவருடைய பயிற்சியைப் பார்வையிட்ட ஜூடோவின் தந்தை கானோ, தாம் மனத்தில் கொண்டிருந்த ஆதர்சம் இதுவே என்னும் கருத்துப்படப் பேசி, தம் மாணவர்களையே அவரிடம் அனுப்பி வைத்தார். 1931-இல் ஷிஞ்ஜுக்குப் பகுதியில் 80 பாய் விரித்த கோபுக்கான் கூடம் எழுந்தது. அங்கே நடந்த கடும் பயிற்சியைக் கண்ட ஊரார் அதற்கு 'நரகக் கூடம்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கூடத்துக்கு வந்தவர்களில் சேனாதிபதிகளும் கடற்படை அதிகாரிகளும் அநேகர். உயிர்களைப் பேணும் அன்பே வீரம் என்று தோட்டத்தில் தெளிந்தவர், அண்டை நாடுகளின் மேல் படையெடுத்துச் சென்ற சேனையின் பயிற்சிப் பள்ளிகளிலும், ஒற்றர்களைப் பழக்கிய நாக்கானோ பள்ளியிலும் தம் வித்தையைக் கற்பித்தார். இம்முரண்பாட்டை மூடி மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 1935-இல் அரசாங்கம் ஓமோத்தோவை நசுக்கி, அதன் ஆலயங்களை வெடி வைத்துத் தகர்த்தபோது, அவரிடம் பயின்ற ஒஸாக்கா காவல்துறைத் தலைவரின் தயவால் அவர் சிறை புகாமல் தப்பினார் என்பதும் இச்சரித்திரத்தின் ஒரு பகுதியே. காலத்தின் வெள்ளம் இழுத்த இழுப்பில், ஒரு காலைத் தோட்டத்திலும் ஒரு காலைப் பாசறையிலும் ஊன்றி நின்றவர் அவர்.

1942-இல், யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருக்கும்போதே, தலைநகரையும் பதவிகளையும் விட்டு விலகி, டோக்கியோவுக்கு வடகிழக்கே இவாமா என்னும் கிராமத்தில் போய்க் குடியமர்ந்தார். அதே ஆண்டில்தான் இக்கலைக்கு ஐகிடோ என்ற பெயர் அதிகாரபூர்வமாக நிலைத்தது. காலையில் மண்வெட்டி, மாலையில் மரவாள். இடையே தாம் எழுப்பிய ஐகி ஆலயத்தில் பிரார்த்தனை என்று அவருடைய நாட்கள் கழிந்தன. ஜப்பான் நகரங்கள் எரிந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் வயலில் குனிந்து நின்ற அறுபது வயது மனிதருக்கு, தம்மிடம் பயின்று போர்முனைக்குப் போன இளைஞர்களின் முகங்கள் நினைவுக்கு வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. பின்னர் அவர் பேசிய பேச்செல்லாம் சாந்தத்தைப் பற்றியதாகவே இருந்தது.

மகன் காத்த கூடம்

ஓடுகிற நதியைக் கண்டெடுப்பவர் ஒருவர். அதற்கு வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டு வருகிறவர் வேறொருவர். உயேஷிபாவின் மகன் கிஷ்ஷோமாரு அந்த இரண்டாமவர். டோக்கியோ நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது கூடத்தைத் தீயிலிருந்து காத்தவர் அவரே. யுத்தத்துக்குப் பின், வீடிழந்த குடும்பங்கள் அந்தக் கூடத்திலே தஞ்சம் புகுந்து வசிக்க, அமெரிக்க ஆதிக்கம் யுத்த வித்தைகளுக்குத் தடை போட்டிருக்க, பகலில் ஒரு வியாபாரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, கிடைத்த இடத்தில் பாய் விரித்துப் பயிற்சியை உயிர்ப்பித்தார். 1948-இல் ஐகிகாய் என்னும் ஸ்தாபனத்துக்கு அரசாங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. யுத்தத்துக்கு முன் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் உள்ளே நுழைய முடியாதிருந்த வித்தை, இப்போது அலுவலகம் செல்லும் குமாஸ்தாவுக்கும் கல்லூரி மாணவிக்கும் திறந்துவிடப்பட்டது. தந்தையாரின் ஆவேசமான தெய்வ பாஷையை, பிறநாட்டாருக்கும் விளங்கும் எளிய வாக்கியங்களாக மாற்றி எழுதியவரும் இவரே. 1950-களின் தொடக்கத்தில் பிரான்சுக்கும் ஹவாய்க்கும் ஆசிரியர்கள் கப்பலேறினார்கள். 1961-இல் முதியவரே ஹவாய்க்குப் போய் வந்தார். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அந்தப் பாய் விரிக்கப்படுகிறது.

குடும்பம் பெருகினால் வழக்கும் பெருகும். போட்டியில்லாத வித்தை எவ்வாறு தன் தகுதியை உரைத்துப் பார்த்துக்கொள்ளும் என்று கேட்ட பேராசிரியர் கென்ஜி தொமிக்கி, வசேதா பல்கலைக்கழகத்தில் போட்டி முறையைப் புகுத்தித் தனிப்பாதை கண்டார். கோசோ ஷியோதா 1955-இல் யோஷின்கான் என்னும் கிளையை நிறுவி, யுத்தத்துக்கு முந்திய கண்டிப்பான நடையைப் பேணினார். டோக்கியோ காவல்துறையினர் அவருடைய கூடத்திலே பயின்றார்கள். ஐகிகாயோ இன்றளவும் போட்டிக்கு இடம் கொடுப்பதில்லை. வெற்றி தோல்வி என்று வந்துவிட்டால், அந்த ஒரு சாண் தூரத்தில் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வித்தை தெருச்சண்டையில் உதவுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியும் நியாயமானதே. ஒத்துழைக்கும் துணைவனிடமே பழகியவன், ஒத்துழைக்காத முரடனிடம் தடுமாறக்கூடும். தான் மெய்யாகத் தாக்கப்படாமலே வருஷக்கணக்கில் பழகி, தன்னை வீரனென்று நம்பிக்கொள்ளும் மாயையும் இக்கலையில் உண்டு. ஆகவேதான் நல்லாசிரியர்கள், தாக்குகிறவன் உண்மையான உறுதியோடு தாக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். பொய்யான தாக்குதலில் மெய்யான கருணையைப் பழக முடியாது.

மொரிஹேய் உயேஷிபா 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி காலமானார். கடைசி நாட்களில் கைத்தாங்கலாக அழைத்து வரப்பட்ட அந்த மெலிந்த கிழவர், பாயின் மேல் கால் வைத்ததும் நிமிர்ந்து நின்று, இளைஞர்களை முன்போலவே வீழ்த்தினார் என்று கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்று அவருடைய பேரர் ஐகிகாயின் தலைவர்.

ஐகிகாய்க் கூடத்தில் பயிற்சி நடக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். ஆசிரியர் ஒரு பிரயோகத்தைச் செய்து காட்டுகிறார்; மாணவர்கள் இருவர் இருவராக எதிரெதிர் மண்டியிட்டு வணங்குகிறார்கள். ஒருவர் தாக்க, மற்றவர் வீழ்த்துகிறார்: வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று, மீண்டும் வலம், மீண்டும் இடம். நான்கு முறை ஆனதும், எவரும் சொல்லாமலே முறை மாறுகிறது. இதுவரை வீழ்த்தியவர் இப்போது தாக்க வருகிறார். இதுவரை விழுந்தவருடைய கையில் இப்போது அவருடைய தோளும் பிடரியும் இருக்கின்றன. சற்று முன் தம்மை எவ்வளவு பதமாக இறக்கினார்கள் என்பது அந்தக் கைக்கு ஞாபகம் இருக்கிறது.